சைக்கிள் தடம் கெட்டால் எங்கே தேடுவது? வேலூர்ப் பக்கத்துத் தன்னார்வலர்களுக்கு

மலை சைக்கிள் தடத்தில் குழி விழுந்தால் உடனே மண் அள்ளிக் கொட்டி மூடத்தான் கை பரபரக்கும். மூடலாம், ஆனால் அடுத்த மழையில் அதே இடத்தில் மறுபடி விழும். சேதம் தெரிவது ஓரிடம், காரணம் வேறிடம். அந்தக் காரணம் அநேகமாகப் பத்திருபது மீட்டர் மேட்டுப்பக்கம் இருக்கும். கீழே எந்த அறிகுறியைப் பார்த்து வந்திருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான்: மண்வெட்டியை வைத்துவிட்டு மேலே ஏறி நடந்து பாருங்கள்.

வேலூர், காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம் பக்கத்துப் பூங்காக்களில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து தடம் வெட்டிக் கொடுப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நம் மலையடிவாரத்தில் மேலே கொஞ்சம் செம்மண், அதற்குக் கீழே சரளை, அதற்கும் கீழே பாறை. ஆடி, ஆவணி மாதங்களில் சாயங்கால இடிமழை அரை மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை நாள்கணக்கில் மண்ணை ஊற வைக்கும். சித்திரை வெயிலில் அதே மண் பொடியாகப் பறக்கும். இந்த மூன்றையும் ஒரே தடம் தாங்க வேண்டும்.

முதலில் நான்கு அளவுகள்

1988இல் கலிபோர்னியாவில் சைக்கிள் குழுக்கள் கூடித் தொடங்கிய சர்வதேச மலை சைக்கிள் சங்கம், தடம் போடுபவர்களுக்குச் சில அளவுகளை வகுத்துக் கொடுத்தது. பல நாடுகளில் பூங்காத் தன்னார்வலர்கள் இவற்றை வைத்துத்தான் வேலை செய்கிறார்கள். நமக்கும் இவை பொருந்தும்.

தடத்தின் சராசரிச் சரிவு 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். தடத்தின் சரிவு, அது குறுக்கே கடந்துபோகும் மலைச்சரிவில் பாதியைத் தாண்டக் கூடாது; இதுதான் பாதி விதி. மலை 16 சதவீதம் சரிந்தால் தடம் 8க்குள் நிற்க வேண்டும். தடத்தின் மேற்பரப்பு பள்ளப்பக்கமாக 5 சதவீதம் சாய்ந்திருக்க வேண்டும். இறங்கி வரும் தடம் அடிக்கடி சிறிது ஏறி, மறுபடி இறங்க வேண்டும். அந்தத் தாழ்ந்த இடத்தை எங்கள் குழுவில் வடிபள்ளம் என்கிறோம்; தடத்தில் ஓடி வரும் தண்ணீர் அங்கேதான் வெளியேறும்.

அளக்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூப் போதும். பத்து மீட்டர் இடைவெளியில் இரண்டு பேர் டியூபின் இரு முனைகளையும் பிடித்து, இரண்டு இடத்திலும் தண்ணீர் மட்டத்திலிருந்து தரைவரை அளந்தால், உயர வித்தியாசம் தெரியும். அது ஒரு மீட்டர் என்றால் 10 சதவீதம். செல்போனில் உள்ள மட்டம் பார்க்கும் செயலி டிகிரியில் காட்டும்: 10 சதவீதம் ஏறத்தாழ 6 டிகிரி, 20 சதவீதம் 11 டிகிரியைவிடக் கொஞ்சம் அதிகம். குறுக்குச் சாய்வுக்கு ஒரு மீட்டர் பலகையும் ரசமட்டமும் எடுத்துக்கொள்ளுங்கள். பலகையைத் தடத்தின் குறுக்கே வைத்து, மட்டமாகும்வரை பள்ளப்பக்க முனையைத் தூக்குங்கள். முனைக்கும் மண்ணுக்கும் நடுவே 5 செ.மீ. இருந்தால் சரி.

அறிகுறி: தடத்தின் நடுவே நீளவாக்கில் வாய்க்கால் அறுத்திருக்கிறது

நம் பக்கம் அதிகமாகப் பார்க்கும் சேதம் இதுதான். அதிகத் தவறாகச் சரிசெய்யப்படுவதும் இதுதான். தண்ணீர் தடத்தைக் குறுக்கே கடந்து போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அது தடத்துக்குள் புகுந்து, தடத்தோடேயே ஓடியிருக்கிறது. ஏன் வெளியே போகவில்லை என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மூன்று காரணங்கள் உண்டு. இந்த வரிசையிலேயே பாருங்கள்.

பள்ளப்பக்க ஓரத்தில் வரப்பு எழுந்திருக்கிறதா? டயர் ஓட ஓட நடுத்தடம் அமுங்கும், மண் ஓரத்துக்கு ஒதுங்கும். சில மாதங்களில் விரல் உயரத்துக்கு வரப்பு வந்துவிடும். அந்த விரல் உயரம் போதும், தண்ணீரை உள்ளேயே பிடித்து வைக்க. இதுதான் காரணம் என்றால் வேலை சுலபம். வரப்பை வெட்டி எடுத்து, நடுவில் விழுந்த பள்ளத்தில் அதே மண்ணைப் போட்டுத் திமிசுக்கட்டையால் இடித்து, 5 சதவீதச் சாய்வைத் திரும்பக் கொண்டுவாருங்கள். வரப்பில் புல் வேர் ஓடியிருந்தால் அந்த மண்ணைத் தடத்தில் போடாதீர்கள். வேரும் சருகும் மக்கினால் மண் மறுபடி இறங்கும். அதைப் பள்ளப்பக்கம் தூரமாகச் சிதறிவிட்டு, நல்ல மண்ணை வேறிடத்திலிருந்து கொண்டுவாருங்கள்.

வரப்பு இல்லை, சாய்வும் சரியாக இருக்கிறது, ஆனாலும் அறுக்கிறதா? அப்படியானால் மேலே நடந்து போய், கடைசி வடிபள்ளம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு வடிபள்ளங்களுக்கு நடுவே தூரம் கூடக் கூட, சேரும் தண்ணீரும் கூடும். வாய்க்கால் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே புதிதாக ஒன்று வெட்டுங்கள். தடத்தைத் தாழ்த்தி, தோண்டிய மண்ணை அதற்கு உடனே கீழே தடத்தின் மேலேயே போட்டு இடித்து, மெல்ல ஏறும் மேடாக்குங்கள். பள்ளமும் மேடும் சேர்ந்து ஐந்தாறு மீட்டர் நீளமாவது இருக்கட்டும். குட்டையாக வெட்டினால் சைக்கிள் குதிக்கும், மேடு சீக்கிரம் உடையும். தண்ணீர் வெளியேறும் வாய் அகலமாக இருக்க வேண்டும். குறுகிய வாய் முதல் மழையிலேயே சருகால் அடைத்துக்கொள்ளும்.

இதற்குப் பதிலாகக் குறுக்கே ஒரு கட்டையையோ கல்வரிசையையோ பதித்துத் தண்ணீரைத் திருப்பலாமே என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். நடைபாதையில் அப்படிச் செய்வதுண்டு. சைக்கிள் தடத்தில் வேண்டாம். டயர் மோத மோதக் கட்டைக்கு மேலே மண் குழியும், கட்டை வெளியே துருத்தும், நனைந்தால் வழுக்கும். ஓட்டுபவர் அதைச் சுற்றிப் போவார். அங்கே புதிதாக ஒரு தடம் விழும்.

மூன்றாவது காரணம் கசப்பானது. தடம் மலை இறங்கும் திசையிலேயே நேராக இறங்குகிறதா? பாதி விதியை வைத்து அளந்து பாருங்கள். மலை 20 சதவீதம், தடம் 15 சதவீதம் என்று வந்தால் எத்தனை வடிபள்ளம் வெட்டினாலும் நிற்காது. இரு பக்கமும் தடத்தைவிட உயரமாக இருப்பதால் தண்ணீர் வெளியேற வழியே இல்லை. அந்தத் துண்டைக் கைவிட்டு, சரிவின் குறுக்கே புதுத் தடம் போட வேண்டும். பழைய துண்டு கஷ்டப்பட்டு வெட்டியதுதான், விட மனசு வராது. ஆனால் ஒவ்வொரு மழைக்கும் அங்கே கொட்டும் உழைப்பைக் கணக்குப் பார்த்தால் புதுத் தடத்துக்கு அதில் பாதிகூட ஆகாது.

கைவிட்ட துண்டை அப்படியே விட்டுவிடவும் கூடாது. தண்ணீர் அதில்தான் இன்னும் ஓடும். வாய்க்காலுக்குள் குறுக்கே கல் தடுப்புகள் வையுங்கள். கீழ்த் தடுப்பின் தலை, மேல் தடுப்பின் அடிமட்டத்துக்கு வரும்படி இடைவெளி விட்டால், நடுவில் வண்டல் தேங்கிப் படியாகும். அதில் ஆவாரை, நொச்சி, வெட்டிவேர் பிடித்துக்கொள்ளும். ஐப்பசிக்கு முன்னால் நட்டால் தண்ணீர் ஊற்றும் வேலை குறைவு.

வடிபள்ளத்தின் அளவை வழக்கமான மழைக்கு மட்டும் கணக்கிடாதீர்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததே, அப்படி ஒரு மழையும் இந்தத் தடத்தில் ஓடும் என்று நினைத்து வாயை வெட்டுங்கள். எந்த இடத்தில் வெட்டுவது என்று குழப்பமாக இருந்தால், அந்த மலையில் ஆடு மேய்ப்பவரைக் கேளுங்கள். "அண்ணா, மழை பேஞ்சா தண்ணி எந்தப் பக்கம் இறங்கும்?" என்று கேட்டால் குச்சியை நீட்டிக் காட்டிவிடுவார். எங்களுக்குக் கிடைத்த நல்ல வரைபடங்கள் இப்படிக் கிடைத்தவைதான்.

அறிகுறி: மழை விட்டு ஒரு நாள் ஆகியும் தண்ணீர் தேங்கி நிற்கிறது

சரிவான இடம் என்றால் வைத்தியம் சின்னது. தேங்கிய இடத்தின் பள்ளப்பக்க ஓரத்தில் அரைவட்டமாக, மூன்று மீட்டர் அகலத்துக்கு மண்ணைச் சீவி எடுங்கள். அந்த அரைவட்டம் நடுவில் வெளிப்பக்கமாக 15 சதவீதம் வரை சாயட்டும், ஓரங்கள் தடத்தோடு இழைந்து சேரட்டும். சீவி முடித்ததும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிடுங்கள்.

சமதளமான ஏரிக்கரைப் பூங்கா என்றால் கதை வேறு. தண்ணீர் போகத் தாழ்ந்த இடமே இல்லை, மண்ணும் களி. ஈரக் களியில் சைக்கிள் ஓட்டினால் டயரோடு ஒட்டி வந்து தடத்தைக் கிழித்துவிடும். அங்கே தடத்தை உயர்த்தத்தான் வேண்டும். அடியில் கல், மேலே கிராவல் மண், இரு பக்கமும் சின்ன வடிகால். கிராவலைப் பக்கத்து ஏரியிலிருந்தோ மலையிலிருந்தோ நாமே வெட்டி எடுக்கக் கூடாது. அது கனிமவளத் துறையின் அனுமதிக்கு உட்பட்டது. நடைச்சீட்டோடு, அதாவது கனிமத்தை ஏற்றிச் செல்லும் அனுமதிச் சீட்டோடு, வரும் வண்டியிடம் வாங்குங்கள். சீட்டின் நகலைக் குழுக் கோப்பில் வையுங்கள். முடிந்தால் களிமண் பகுதியையே தவிர்த்து, தடத்தை மேடான பக்கம் தள்ளிவிடுவது எல்லாவற்றையும்விட மேல்.

அறிகுறி: பள்ளப்பக்க ஓரம் இடிந்து விழுகிறது

சரிவில் தடம் வெட்டும்போது பாதியை வெட்டி, வெட்டிய மண்ணையே வெளிப்பக்கம் கொட்டி மீதிப் பாதியை அமைத்திருப்பார்கள். பார்க்க அகலமாக, அழகாக இருக்கும். கொட்டிய மண் எவ்வளவு இடித்தாலும் மலையோடு ஒட்டிய மண் ஆகாது. மழையில் ஊறியதும் சைக்கிளோடு சேர்ந்து சரியும்.

சரி செய்வது என்றால் உள்பக்கம் இன்னும் வெட்டி, தடத்தின் முழு அகலமும் வெட்டிய தரையில் நிற்கும்படி செய்ய வேண்டும். ஒற்றையடிப் பாதைக்கு 60 முதல் 90 செ.மீ. அகலம் தாராளம், அதனால் பயப்படும் அளவுக்கு வேலை இல்லை. வெட்டிய மண்ணை ஓரத்தில் குவிக்காமல் பள்ளப்பக்கம் தூர வீசிப் பரப்புங்கள். மேட்டுப்பக்க வெட்டைச் செங்குத்தாக விடாமல் சாய்த்துச் சீவுங்கள், இல்லாவிட்டால் அது இடிந்து தடத்தை மூடும்.

உள்பக்கம் பாறை, வெட்டவே முடியாது என்றால் கல் அணைப்புக் கட்டலாம். சிமென்ட் வேண்டாம், கல்லை மட்டும் அடுக்கினாலே போதும். இடுக்குகள் வழியாகத் தண்ணீர் வடிய வேண்டும். அடிக்கல்லைத் தரைக்குள் பதித்து, அது மலைப்பக்கமாகச் சாயும்படி வையுங்கள். மேல்கல் எப்போதும் கீழே உள்ள இரண்டு கற்களின் சேர்ப்பின் மேல் உட்கார வேண்டும். பெரிய கற்கள் அடியில். இந்த வேலைக்கு ஏரிக்கரைக்குக் கல் பதித்த அனுபவமுள்ள ஒருவரைக் கூலி கொடுத்தாவது அழைத்து வாருங்கள். ஒரு நாளில் அவர் கற்றுக்கொடுப்பதை வருஷம் முழுக்கப் பயன்படுத்தலாம்.

அறிகுறி: வளைவில் எல்லோரும் வெளிப்பக்கம் வழுக்குகிறார்கள், வளைவுக்கு முன்னால் தடம் அலை அலையாக ஆகிவிட்டது

இவை இரண்டும் தனித்தனிப் புகார்களாக வரும். ஒன்றாகவே பாருங்கள். அலைகள் பிரேக் பிடிப்பதால் வருபவை. வளைவுக்கு முன் இருக்க வேண்டியதைவிட வேகம் அதிகம் என்பதைத்தான் அவை சொல்கின்றன. அலையை மட்டும் சீவி மட்டமாக்கினால் கொஞ்ச நாளில் திரும்பி வரும்.

வளைவுக்குப் பதினைந்து, இருபது மீட்டர் முன்னால் தடத்தைச் சற்று ஏற்றமாக்க முடியுமா பாருங்கள். ஏற்றம் தானாக வேகத்தைக் குறைக்கும், யாரும் பிரேக் பிடிக்க வேண்டியதில்லை. அந்த ஏற்றத்துக்கு முன் வரும் தாழ்வு வடிபள்ளமாகவும் பயன்படும். இடமில்லை என்றால் இரண்டு பாறைகளை இரு பக்கமும் நட்டுத் தடத்தைக் குறுக்குங்கள். குறுகலைக் கண்டால் ஓட்டுபவர் முன்பே வேகத்தைக் குறைப்பார். அந்தக் குறுகல் தூரத்திலிருந்தே கண்ணில் படுவது முக்கியம். புதர் மறைத்தால் விபத்து.

அப்புறம் வளைவு. மற்ற இடங்களில் நல்லதான வெளிச்சாய்வு வளைவில் ஆளைத் தள்ளிவிடும். அங்கே மட்டும் தடம் உள்பக்கம் சாய வேண்டும், வெளிப்பக்கம் மண் அணை எழ வேண்டும். மண் அணைக்குச் சருகு, வேர், புல் கலக்காத மண்தான் ஆகும். 10 செ.மீ. கனத்துக்கு ஒரு அடுக்குப் போட்டு இடித்து, அடுத்த அடுக்கைப் போடுங்கள். மொத்தமாகக் குவித்துவிட்டு மேலே மட்டும் தட்டினால் உள்ளே பொலபொலவென்றுதான் இருக்கும். உள்பக்கம் சாயும் வளைவில் தண்ணீரும் உள்பக்கம் சேரும் என்பதை மறக்கக் கூடாது. வளைவுக்கு மேலே ஒரு வடிபள்ளம் வெட்டி, தண்ணீரை வளைவுக்குள் வரவே விடாதீர்கள். வளைவை விட்டு வெளியே வரும் இடத்தில் இன்னொன்று.

அறிகுறி: பாறை மேல் சரளை உருண்டு சறுக்குகிறது

வேலூர் மலைகளில் விரிந்து கிடக்கும் வெறும்பாறை சைக்கிளுக்கு நல்ல தளம். டயர் நன்றாகப் பிடிக்கும். சறுக்குவது அதன் மேல் கிடக்கும் சரளைதான். விளக்குமாற்றால் கூட்டிவிட்டு, சரளை எங்கிருந்து வருகிறது என்று மேலே பாருங்கள். பாறைக்கு மேல்பக்கம் தடம் அரித்து அங்கிருந்து இறங்கியிருக்கும். அந்த அரிப்பை நிறுத்தினால் பாறை சுத்தமாகவே இருக்கும். பாறையை உளியால் கொத்திச் சொரசொரப்பாக்கும் யோசனையை ஏற்க வேண்டாம். கொத்தியதைத் திரும்ப எடுக்க முடியாது.

அறிகுறி: புதிதாகப் போட்ட மண் இறுகாமல் தூசியாகப் பறக்கிறது

ஈரம் போதவில்லை, அவ்வளவுதான். ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். உருண்டையாக நின்று, விரலால் அழுத்தினால் இரண்டாக உடைந்தால் இடிக்கச் சரியான பதம். நிற்காமல் உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். தண்ணீர் கசிந்தால் காயவிடுங்கள். சித்திரையில் தண்ணீர் லாரி பிடித்து மண் வேலை செய்வதைவிட ஆவணி, புரட்டாசியிலோ, மழை ஓய்ந்த பிறகு மார்கழி, தை மாதங்களிலோ செய்வது நல்லது. அப்போது நிலமே ஈரத்தோடு இருக்கும். கோடையில் புதர் சீவுவது, கல் சேர்ப்பது, அளந்து கொடி நடுவது போன்ற வேலைகளை வைத்துக்கொள்ளலாம்.

அறிகுறி: ஒற்றையடிப் பாதை அகன்றுகொண்டே போகிறது, குறுக்குவழிகள் முளைக்கின்றன

தடத்தில் ஏதோ ஒன்று பிடிக்காததால்தான் மக்கள் ஓரமாகப் போகிறார்கள். நடுவில் நீர், துருத்திய கல், வேர், முகத்தில் அடிக்கும் கிளை. முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பிறகுதான் ஓரத்தை அடைக்க வேண்டும். மாற்றிச் செய்தால் அடைப்பைத் தாண்டி இன்னும் வெளியே போவார்கள். அடைக்க ஆள் தூக்க முடியாத கற்களைப் பாதி புதையும்படி வையுங்கள். முள்ளை வெட்டிப் போடும் வழக்கம் வேலிக்குச் சரி, சைக்கிள் தடத்துக்கு ஆகாது.

மலைக் கொண்டைவளைவுகளில் குறுக்கே இறங்குவது தனிப் பிரச்சினை. மேலிருந்து கீழ்த் தடம் கண்ணுக்குத் தெரிந்தால் எவருக்கும் குறுக்கே இறங்கத் தோன்றும். நடுவே ஒரு புதரோ பெரும்பாறையோ வரும் இடமாகப் பார்த்து வளைவை அமையுங்கள்.

கோயிலுக்கு ஏறும் பழைய வழி ஒன்று இருந்தால் அதன் மேல் சைக்கிள் தடம் போடவே வேண்டாம். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வரும் கூட்டத்துக்கு அதுதான் பாதை, அவர்கள் அப்படியேதான் நடப்பார்கள். அது அவர்கள் உரிமை. பாம்புப் புற்று குறுக்கே வந்தாலும் அப்படித்தான்: கும்பிடும் இடம், பாம்பும் இருக்கும். தடத்தை நன்றாகத் தள்ளிப் போடுங்கள்.

அறிகுறி: வருபவர்களுக்கெல்லாம் பஞ்சர்

சீமைக்கருவேலம். இரண்டாவது நெருஞ்சி. சீமைக்கருவேல முள் காய்ந்த பிறகு இன்னும் கெட்டியாகும். வெட்டிய கிளையை ஓரத்தில் போட்டால் ஆடும் காற்றும் அதைத் தடத்துக்கு இழுத்து வரும். வெட்டிய அன்றே ஒரு கிளை விடாமல் அப்புறப்படுத்தி, கடைசியாகப் பல்வாரியால் வாரி, விளக்குமாற்றால் கூட்டிவிட்டுத்தான் கலைய வேண்டும். அடியோடு வெட்டினாலும் துளிர்க்கும். கடப்பாரையால் வேரைத் தோண்டி எடுத்தால்தான் தீரும். ஆனால் சரிவின் ஓரத்தில் அந்த வேர்தான் மண்ணைப் பிடித்திருக்கிறது என்றால் கிளையை மட்டும் சீவிவிட்டு, பக்கத்தில் வேம்போ புங்கனோ வளர்ந்த பிறகு எடுங்கள். நெருஞ்சியை மழைக்குப் பின் மஞ்சள் பூவோடு இருக்கும்போதே பிடுங்குங்கள். காய்த்துவிட்டால் வருஷம் முழுக்கப் பொறுக்க வேண்டியதுதான்.

இந்த வேலைக்குத் தடித்த தோல் கையுறை கட்டாயம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று தோல் தொழில் ஊர்களே சூழ்ந்திருக்கும் நமக்கு அது கிடைப்பதில் சிரமம் இருக்காது. கல்லையோ கிளைக்குவியலையோ கையால் புரட்டாதீர்கள். கடப்பாரையால் உங்களுக்கு எதிர்ப்பக்கமாக நெம்பித் திறங்கள். தேள் இருக்கும், சுருட்டை விரியன் இருக்கும். யாரையாவது பாம்பு கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. ஆளை நடக்கவிடாமல், கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து 108ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ சி.எம்.சி.யோ, எது கிட்டே என்பதை வேலை தொடங்கும் முன்பே எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

அறிகுறி: மோட்டார் பைக் நுழைகிறது, காலை நடையாளர்கள் கோபப்படுகிறார்கள்

நுழைவாயிலைக் குறுக்கினால் பைக் வராது என்று நினைப்பார்கள். மலை சைக்கிளின் கைப்பிடியும் அதே அகலம்தான், சைக்கிளும் மாட்டிக்கொள்ளும். முழங்கால் உயரத்துக்கு ஒரு கட்டையைக் குறுக்கே பதியுங்கள். சைக்கிளைத் தூக்கித் தாண்டலாம், பைக்கை முடியாது. பூங்காவின் பொது வாயிலில் இதைச் செய்யக் கூடாது. சைக்கிள் தடம் பிரியும் இடத்தில் மட்டும்.

நடையாளர்களுக்கு வழி விடுவது ஓட்டுபவரின் கடமை. பலகையில் அதை முதல் வரியாக எழுதுங்கள். இரண்டும் சந்திக்கும் இடங்களில் பார்வை மறைக்கும் புதரைச் சீவி, சைக்கிள் தடத்தை ஏற்றமாக வந்து சேரும்படி மாற்றினால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். தினமும் நடக்க வரும் பெரியவர்களிடம் வேலை தொடங்கும் முன்பே போய்ப் பேசுங்கள். "ஐயா, இந்தப் பக்கம் தடம் போடலாம்னு இருக்கோம், நீங்க நடக்கிற வழி எது?" என்று கேட்டுவிட்டால் பிறகு அவர்களே அதைப் பாதுகாப்பார்கள்.

அறிகுறி: ஒரு நாள் காலை போய்ப் பார்த்தால் தடம் அடைக்கப்பட்டிருக்கிறது

வாய்மொழி அனுமதியை நம்பிய குழுக்களுக்கு இது நடக்கும். பேசிய அதிகாரி மாறுதலாகிப் போயிருப்பார், புதியவருக்கு எதுவும் தெரியாது. நிலம் யாருடையது என்பதைப் பொறுத்து எழுத்து அனுமதி வாங்க வேண்டிய இடம் மாறும். மாநகராட்சிப் பூங்காவுக்கு மாநகராட்சி ஆணையர். ஏரிக்கரை பெரும்பாலும் நீர்வளத் துறையிடம் இருக்கும். கரையில் ஒரு மண்வெட்டி மண்ணைக்கூட எடுக்கக் கூடாது, அது ஊரைக் காக்கும் கரை. காப்புக்காடு என்றால் மாவட்ட வன அலுவலர். 1882ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி அனுமதியில்லாமல் உள்ளே போவதே குற்றம், தடம் வெட்டுவது இன்னும் பெரிய குற்றம். எல்லைக்கல்லைத் தேடிப் பார்த்துவிட்டுக் கொடி நடுங்கள். வேலூர்க் கோட்டைப் பக்கம் யோசிக்கவே வேண்டாம். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி.

மனுவோடு தடத்தின் வரைபடம், அகலம், வெட்டப்போகும் செடிகள், யார் பராமரிப்பார்கள் என்ற விவரம் எல்லாவற்றையும் இணையுங்கள். அனுமதி கிடைத்ததும் அதன் நகலைக் கருவிப்பெட்டியில் வையுங்கள்; கேட்பவரிடம் அங்கேயே காட்டலாம்.

அறிகுறி: முதல் வாரம் கூட்டம், நான்காவது வாரம் மூன்று பேர்

ஆர்வம் குறைந்துவிட்டது என்று சலித்துக்கொள்வதில் பயனில்லை. வேலையை எப்படிப் பிரித்தோம் என்று பாருங்கள். நூறு மீட்டருக்கு ஆளைப் பரப்பி எதையும் முடிக்காமல் அனுப்பினால் யாருக்கும் திருப்தி இருக்காது. பத்து மீட்டரை எடுத்து, வெட்டி, சாய்வு பார்த்து, இடித்து, அன்றே அதில் சைக்கிள் ஓட்டிப் பார்க்கும்படி முடியுங்கள். தான் வெட்டிய வடிபள்ளத்தில் குடத்துத் தண்ணீர் வெளியேறுவதைப் பார்த்த பிள்ளை அடுத்த வாரம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வரும்.

நேரமும் காரணம். நம் ஊரில் எட்டரை மணிக்கு மேல் வெட்டவெளியில் கடப்பாரை பிடிக்கச் சொல்வது நியாயமில்லை. விடிந்ததும் தொடங்கி எட்டரைக்குள் முடித்துவிடுங்கள். அக்னி நட்சத்திர நாட்களில் மண் வேலையே வேண்டாம். நீர்மோரும் கூழும் இருக்கட்டும். எல்லோரும் கடப்பாரை தூக்க வேண்டியதில்லை. டியூப் பிடிக்க, கொடி நட, கூட்ட, தண்ணீர் தெளிக்க என்று வயதானவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வேலை இருக்கிறது. கருவி பிடிப்பவர்களுக்கு நடுவே மூன்று மீட்டர் இடைவெளி விடச் சொல்லுங்கள். சரிவில் நடக்கும்போது கருவியைப் பள்ளப்பக்கக் கையில் பிடிக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் அதைத் தூர எறிந்துவிடலாம்.

கலைவதற்கு முன் அடுத்த ஞாயிறு எந்தத் துண்டு என்பதைக் கொடி நட்டுக் காட்டிவிடுங்கள். அந்தத் துண்டுக்கு ஒருவர் பெயரைப் பொறுப்பாக எழுதி வையுங்கள். நடுவாரத்தில் மழை பெய்தால் அவர் ஒரு எட்டுப் போய், தண்ணீர் எங்கே நின்றது, எங்கே ஓடியது என்று செல்போனில் படம் எடுத்து வந்தால் போதும், ஞாயிறு காலையில் எங்கே வெட்டுவது என்ற பேச்சுக்கே இடமிருக்காது.